நான்கு எலுமிச்சம்பழம், ஏழு பொட்டு

"ஒரு கீறலுக்கா எண்பதாயிரம் கேக்கறான்?" என்று போனில் யாரிடமோ சொன்னீர்களே அக்கா, அது என் காதில் விழுந்துவிட்டது. ஒட்டுக்கேட்கவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தால் விழத்தானே செய்யும். நாமக்கல்லில் ஏறியதிலிருந்து நான் வாயே திறக்கவில்லை, கவனித்தீர்களா? கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கும்போதுகூட "சேலம்" என்று ஒரு வார்த்தைதான். நான் பொதுவாகப் பேசாத ஆள். கல்லூரியில் மூன்று வருடம் கடைசி பெஞ்சுக்கு முந்தைய பெஞ்சில் உட்கார்ந்து கணிதம் படித்தேன். என் பெயர் கௌசிகா என்று எங்கள் வகுப்பு ஆசிரியருக்கு இறுதி ஆண்டில்தான் தெரிந்தது.

ஆனால் கீறல் என்ற வார்த்தையைக் கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு ரத்தம் சூடாகிவிடுகிறது. எண்பதாயிரம் பெரிதில்லை அக்கா. எங்கள் கோயில் வாசலில் ஒரு வண்டிக்கு நான்கு லட்சத்து அறுபத்திரண்டாயிரம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம், முழ நீளத்துக்கு ஒரு கீறல், அவ்வளவுதான்.

பைபாஸ் ஓரத்தில் கருப்பணார் கோயில் இருக்கிறதே, அங்கே ரசீது கவுண்டரில் உட்காருகிறேன். அரசாங்கக் கோயில் இல்லை, கமிட்டிக் கோயில். எங்கள் ஊரில் புது வண்டி எடுக்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான் வருவார்கள். லாரி, டேங்கர், கோழி வண்டி, ஸ்கூட்டி, எல்லாம். நான் ரசீது கிழிப்பேன். அங்காயி அக்கா தள்ளுவண்டியில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் மாலையும் விற்பாள். பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைப்பதும் அவள்தான். பூசாரி சென்னியப்பனுக்கு முட்டி மடங்காது, குனிய முடியாது. கைநடுக்கம் வேறு. ஒரு வருடமாகப் பொட்டு வைத்தால் குங்குமம் வழிந்து, வண்டிக்கு மூக்கில் அடிபட்டதுபோல் ஆகிவிடும். அதனால் பொட்டு வைக்கிற வேலை எனக்கு வந்தது. "கண்ணு, நீயே வெச்சுரு" என்பார். நான் வைத்தால் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. லாரிக்காரர்களே சொல்வார்கள்.

கமிட்டித் தலைவர் நல்லசிவம். பதினெட்டு லாரி வைத்திருக்கிறார். இருபது வயதில் கிளீனராக ஏறி, டிரைவராகி, முதலாளியானவர். முப்பது வருடம் ஸ்டீயரிங் பிடித்து ஒரு கீறல்கூட விழாத கை என்று அவரே சொல்வார், மற்றவர்களும் சொல்வார்கள். அவர் ஆவணி மாதம் ஒரு ஜெர்மன் கார் எடுத்தார். கறுப்பு நிறம். பக்கத்தில் போய் நின்றால் நம் முகம் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

பூசைக்கு அவரும் அவர் மனைவி தெய்வானை அம்மாவும் வந்தார்கள். கூட்டம் கூடிவிட்டது. தலைவர் எல்லோருக்கும் வண்டியை விளக்கினார்.

"முன்னாடி ஆளு நின்னா, மாடு நின்னா, தானா பிரேக் போட்டுக்கும். நாம ஒண்ணும் பண்ண வேண்டியதில்லை."

"அப்பறம் டிரைவர் எதுக்குங்க தலைவரே?" என்றாள் அங்காயி அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். ஆனால் அவள் வண்டி பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அதை நான் கவனித்தேன். நான் எதையும் கவனிக்காமல் விடமாட்டேன் அக்கா, பேசாத ஆட்களுக்கு அதுதானே வேலை.

நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன். அந்த வண்டியின் முன் பம்பரில் ஆறு வட்டம் இருந்தது. ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் சின்னது. நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு சதுரம். வண்டியைச் செய்தவர்களே பொட்டுக்கு இடம் விட்டு வைத்ததுபோல் அத்தனை பொருத்தம். ஆறு வட்டத்திலும் கெட்டியாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். சதுரத்துக்குப் பெரிய பொட்டு. தெய்வானை அம்மா பார்த்துவிட்டு, "என்ன லட்சணமா இருக்குது பாரு" என்றார். படம் எடுத்துக்கொண்டார்.

பூசாரி தீபம் காட்டினார். பூசணிக்காய் உடைத்தார்கள். அங்காயி அக்கா நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்துவிட்டுத் தன் தள்ளுவண்டிக்குப் போய்விட்டாள். அது எப்போதும் நிற்கிற இடத்தில், கேட்டுக்கு இடது பக்கம், பதினொரு வருடமாக நிற்கிற இடத்தில் நின்றது. பூசாரி, "எடுங்க தலைவரே" என்றார்.

தெய்வானை அம்மா உள்ளே ஏறி உட்கார, தலைவர் எடுத்தார். லாரியை மேட்டில் ஏற்றுவதுபோல் மிதித்திருக்கிறார். அந்த வண்டி தாவியது அக்கா. கண் மூடித் திறப்பதற்குள் தள்ளுவண்டியின் இரும்பு மூலையில் போய் முட்டியது. அங்காயி அக்கா மாலை எடுக்க அந்தப் பக்கம் நகர்ந்திருந்தாள். இல்லையென்றால் நான் இன்று வேறு கதை சொல்லிக்கொண்டிருப்பேன். பழம் எல்லாம் பைபாஸில் உருண்டு ஓடியது. டேங்கர் லாரிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தி நான்கைப் பொறுக்கிக் கொடுத்தான்.

தலைவர் இறங்கி வந்து முதலில் பம்பரைத்தான் பார்த்தார். சரி, புது வண்டி, அப்படித்தான் தோன்றும். பிறகும் அங்காயி அக்காவைப் பார்க்கவில்லை.

எங்கள் ஊர் வண்டி கட்டுகிற ஊர் இல்லையா? ரசீது வாங்க நின்ற டிங்கர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "இதுங்களா? சூடு பண்ணி உள்ளுக்குள்ள இருந்து தட்டினா வந்துரும். பெயிண்டோட நாலாயிரம். சாயந்திரம் எடுத்துக்கலாம்" என்றார். தலைவர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் ரசீதுகூட வாங்காமல் போய்விட்டார்.

நான்கு நாள் கழித்துக் கோவை ஷோரூமிலிருந்து எஸ்டிமேட் வந்தது. மூன்று பக்கம். தலைவர் அதைக் கவுண்டரில் என் முன்னால் வைத்துவிட்டுப் போன் பேசிக்கொண்டிருந்தார். நான் படித்தேன். பம்பரைத் தட்டக் கூடாதாம், மாற்றத்தான் வேண்டுமாம். அதற்குப் பின்னால் ரேடாராம், அது மட்டும் ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். விளக்கு உடையவில்லை, ஆனால் விளக்கைப் பிடித்திருக்கிற காது உடைந்துவிட்டது, காது தனியாக வராது, விளக்கோடுதான் வருமாம். கடைசியில் நாற்பத்திரண்டாயிரத்துக்கு ஒரு வரி இருந்தது. அது எந்தச் சாமானும் இல்லை. புது ரேடாருக்கு நேர் எது, கோணல் எது என்று கற்றுக்கொடுக்கக் கூலியாம். எனக்கு மாதம் ஒன்பதாயிரம் அக்கா. நான் டிகிரியே வாங்கியிருக்கிறேன், எனக்கு யாரும் நேர் எது என்று சொல்லித்தர இவ்வளவு செலவு செய்ததில்லை.

அங்காயி அக்காவின் தள்ளுவண்டிக்குச் சக்கரம் கோணிவிட்டது. பட்டறையில் அறுநூறு ரூபாய். அதை அவளே கொடுத்தாள். அதற்கு எஸ்டிமேட் யாரும் போடவில்லை.

எஸ்டிமேட்டோடு ஷோரூம்காரர்கள் ஒரு குறிப்பும் அனுப்பியிருந்தார்கள். சென்சார்களின் மேல் மஞ்சளாக ஏதோ பூசி மூடியிருந்ததால் வண்டி தானாக நிற்கவில்லை என்று. நான் சிரித்துவிட்டேன். மஞ்சளாக ஏதோவாம்! சந்தனம் என்று சொல்லத் தெரியவில்லை. பொட்டு வைக்காத வண்டி எங்கள் ஊரில் உண்டா? லாரி கண்ணாடியில் பட்டை போட்டால் லாரி ஓடுவதில்லையா? பொட்டு வைத்தால் கண் தெரியாமல் போகிற வண்டியை ஒன்றரைக் கோடிக்கு விற்கிறவனைத்தான் கேட்க வேண்டும். மேலும் மிதித்தது பொட்டா, கால்தானே? அந்தக் குறிப்பை அப்படியே ஃபைலில் வைத்துவிட்டேன்.

தலைவர் போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"அம்மிணி, உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். கோயில் லெட்டர்பேடுல ஒண்ணு எழுது. வண்டி பூசைக்கு நின்னுட்டிருந்துச்சு. தள்ளுவண்டி சரிவுல உருண்டு வந்து மோதிருச்சு. பாத்தவங்கன்னு நீ கையெழுத்துப் போட்டு சீல் வெச்சுரு. வெள்ளிக்கெழமை இன்சூரன்ஸ்காரரு வர்றாரு."

"அங்காயி அக்கா வண்டி..."

"அதை எடுக்கச் சொல்லியாச்சு. எடஞ்சல்."

அவருக்குப் பணம் ஒரு பொருட்டில்லை அக்கா. பதினெட்டு லாரி ஓடுகிறது. கீறல் விழாத கை எலுமிச்சம்பழ வண்டியில் போய் முட்டியது என்று ஊர் பேசுகிறதே, அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

நான் "மாட்டேன்" என்றேன். முதல் தடவை சொன்னது எனக்கே கேட்கவில்லை. அவர், "என்ன?" என்றார். இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதாகிவிட்டது. இரண்டாவது தடவை சொல்வதுதான் கஷ்டம். கை எல்லாம் வேர்த்து ரசீதுப் புத்தகம் ஒட்டிக்கொண்டது.

"மாட்டேனுங்க. தள்ளுவண்டி நகரவே இல்லைங்க. உங்க வண்டிதான் நகர்ந்துச்சு. நான் பாத்தேனுங்க."

"அப்படீன்னா வெள்ளிக்கெழமைக்கு அப்பறம் நீயும் வேற எடம் பாத்துக்கோ" என்றார். சத்தம் போடவில்லை. நல்ல மனிதர் மாதிரியே சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலம் கோயில் சீலை எடுத்து என் சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். தப்புதான். ஆனால் சீல் இல்லாமல் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. மூன்று நாள் ரசீதுக்குச் சீல் இல்லை. கேட்டவர்களிடம் மை தீர்ந்துவிட்டது என்றேன்.

பூசாரியிடமும் போய்ச் சொன்னேன். "நீங்களும் பார்த்தீர்கள்தானே, வெள்ளிக்கிழமை சொல்லுங்கள்" என்று. அவர் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "தலைவர் சொன்னாச் சரிங்க கண்ணு. நமக்கு எதுக்கு?" என்றார். எனக்கு வந்த கோபம்! கருப்பணார் கையில் அரிவாளைக் கொடுத்துப் பக்கத்தில் இந்த மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியையும் நிற்க வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை. நான் பேசாததை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, அது ஒரு சங்கடம்.

வெள்ளிக்கிழமை இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். சேலத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், கையில் ஒரு அட்டை, பேனா. தலைவர் காரை அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். பொட்டுகூட அப்படியே இருந்தது. ஷோரூமில் துடைக்கட்டுமா என்று கேட்டதற்கு, கருப்பணார் கோயில் பொட்டு, கை வைக்கக் கூடாது என்று தெய்வானை அம்மா சொல்லிவிட்டாராம். அவரும் வந்திருந்தார். காய்ந்து கொஞ்சம் வெடித்திருந்தது, ஆனால் வட்டம் வட்டம்தான், ஒன்றுகூடக் கலையவில்லை.

"வண்டி ஓடிட்டிருந்துச்சுங்களா, நின்னுட்டிருந்துச்சுங்களா?" என்று சர்வேயர் கேட்டார்.

"நின்னுட்டிருந்துச்சு" என்றார் தலைவர்.

நான் கவுண்டரை விட்டு வெளியே வந்தேன். வாயைத் திறப்பதற்குள் அங்காயி அக்கா எங்கிருந்தோ வந்துவிட்டாள். மடியிலிருந்து நான்கு எலுமிச்சம்பழம் எடுத்தாள். முன் சக்கரத்துக்கு இரண்டு, பின் சக்கரத்துக்கு இரண்டு, வழக்கம்போல் குனிந்து வைத்தாள். நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"என்ன பண்றே?" என்றார் தலைவர்.

"பூசைங்க. வண்டி நின்னுட்டுத்தான் இருந்துச்சுன்னா அன்னைக்கு நான் வெச்ச பழம் நசுங்கலை. பழம் நசுங்கலைன்னா பூசை ஆகலை. பூசை ஆகாத வண்டியிலயா ஒரு வாரமா அம்மாவை உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறீங்க? மறுக்கா பண்ணிருவோம். பழத்துக்குக் காசு வேண்டாமுங்க."

பைபாஸில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. தெய்வானை அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அவர் தலைவரின் கையைப் பிடித்தார்.

"நசுங்குச்சுதானுங்க? நாலும் நசுங்குச்சுதானே? நான் உள்ளதான் உக்காந்திருந்தேன். நசுங்குன சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

தலைவர் பழத்தைப் பார்த்தார். அந்தம்மாவைப் பார்த்தார். அபசகுனத்துக்கு இன்சூரன்ஸ் கிடையாதே அக்கா.

"நசுங்குச்சு" என்றார்.

"அப்படீன்னா வண்டி ஓடுச்சு" என்று சர்வேயர் எழுதிக்கொண்டார். "தள்ளுவண்டி நின்னுட்டிருந்துச்சு. சரிங்களா?"

"ம்."

எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டவில்லை. அங்காயி அக்கா குனிந்து தன் நான்கு பழத்தையும் திரும்ப எடுத்து, முந்தானையில் துடைத்து மடியில் போட்டுக்கொண்டாள். நசுங்காத பழம், விற்கலாம்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். சர்வேயர் பம்பருக்கு முன்னால் உட்கார்ந்தார். பேனா முனையால் ஒரு பொட்டைத் தொட்டார்.

"இது யாரு வெச்சது? இதை இப்படி மூடுனதாலதான் வண்டி நிக்கலைன்னு ஷோரூம்ல எழுதியிருக்காங்க. வெச்சவங்க பேரை எழுதணும். இந்தக் கணக்குல கொஞ்சம் கம்பெனி குடுக்காது."

தலைவர் சட்டென்று நிமிர்ந்தார். கால் தப்பு செய்யவில்லை என்று சொல்ல அவருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. "ஆமா, யாரு வெச்சது?" என்று சுற்றிலும் பார்த்தார். தெய்வானை அம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அங்காயி அக்கா யாரையும் பார்க்கவில்லை.

நான் பேசவில்லை அக்கா. மாட்டேன் என்று தலைவரிடமே இரண்டு தடவை சொன்ன வாய். பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல வேண்டும் என்று பூசாரியோடு சண்டை போட்ட வாய். அது ஒட்டிக்கொண்டது. பொட்டு வைத்தது தப்பில்லை என்று மனதுக்குள் நீளமாக ஒரு பதில் தயார் செய்துகொண்டிருந்தேன். அதற்குள் பூசாரி முன்னால் வந்துவிட்டார்.

"நான்தானுங்க" என்றார். வலது கையை நீட்டினார். "இந்தக் கைதானுங்க. எழுதிக்கோங்க."

அந்தக் கை ஆடியது. அவர் நிறுத்தப் பார்த்தார், இன்னும் அதிகமாக ஆடியது. சர்வேயர் கையைப் பார்த்தார். பம்பரில் இருந்த ஏழு பொட்டையும் பார்த்தார். பிறகு, "பேரு?" என்றார்.

"சென்னியப்பன்."

எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கம்பெனி அறுபதாயிரம் கொடுக்காதாம். தலைவர் கமிட்டியைக் கூட்டி, பூசாரி இனி வண்டிப் பூசைக்கு வரக்கூடாது என்றும், தட்டில் விழுகிற காசு அறுபதாயிரம் தீரும்வரை கோயிலுக்கு என்றும் சொல்லிவிட்டார். அவர் சரிங்க என்றார். எதற்கும் சரிங்கதான். முந்தாநாள் கவுண்டர் பக்கம் வந்து, சந்தனக் கிண்ணத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டார்.

என்னை இன்னும் வேலையை விட்டு அனுப்பவில்லை. பழம் நசுங்கிய பிறகு அந்தப் பேச்சையே தலைவர் எடுக்கவில்லை. அங்காயி அக்காவின் வண்டியும் அதே இடத்தில் நிற்கிறது. அப்படியே விட்டிருக்கலாம்.

இதோ இந்தக் கவரில் இருப்பது ஒரே ஒரு பக்கம். நேற்று எழுதினேன். பொட்டு வைத்தது தப்பு என்று எழுதவில்லை, அதை மட்டும் எழுதமாட்டேன். வைத்தது நான், என் பெயர் இது, பூசாரி இல்லை, வேண்டுமானால் என் கையைக் கொண்டுவந்து வைத்துக் காட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறேன். கீழே கையெழுத்து. கோயில் சீல் வைக்கவில்லை, அது திரும்ப டிராயரில் இருக்கிறது. சர்வேயர் ஆபீஸ் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் என்றார்கள். உங்களுக்கு வழி தெரியுமா?

நான் எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. காலையில் பைபாஸ் ஸ்டாப்பில் இந்த பஸ் வந்து நின்றபோது, அங்காயி அக்கா தன் வண்டியை விட்டுவிட்டு ரோட்டைக் கடந்து ஓடி வந்தாள். "இருப்பா, இருப்பா" என்று டிரைவரிடம் கையைக் காட்டினாள். படிக்கட்டுக்கு முன்னால் என் செருப்புக்கு நேராக ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தாள்.

மிதித்துவிட்டு ஏறினேன்.